பத்துப் பேர் கூடினால் புத்தியும் கூட வேண்டுமே: மினிட்ஸ் எழுதுபவரின் வழிகாட்டி

கூட்டங்களில் மினிட்ஸ் எழுதுவது என் வேலை. எனக்கு ஓட்டு கிடையாது, கருத்துச் சொல்லவும் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் யார் முதலில் பேசினார், யார் வாயைத் திறந்துவிட்டுப் பாதியில் மூடிக்கொண்டார், எந்த இடத்தில் எல்லோரும் சட்டென்று தலையாட்டத் தொடங்கினார்கள் என்பதையெல்லாம் கவனிக்க எனக்கு நேரம் இருக்கும். பழைய மினிட்ஸ் நோட்டுகளைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரியும். முதல் பத்து நிமிடத்தில் யாரோ சொன்ன எண்தான், கொஞ்சம் கூடியோ குறைந்தோ, கடைசிப் பக்கத்தில் ‘ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது’ என்று உட்கார்ந்திருக்கும். நடுவில் நடந்த ஒன்றரை மணி நேரப் பேச்சு முழுக்க அந்த எண்ணுக்கு நியாயம் தேடிய பேச்சு.

ஆகவே இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியது. ஐந்து முதல் பன்னிரண்டு பேர் வரை உட்கார்ந்து எதையாவது மதிப்பிட வேண்டும், யாரையாவது தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிற எல்லா இடத்துக்கும் இது பொருந்தும்.

ஒரு விஷயத்தை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பின்னால் சரியா தவறா என்று தெரியவரும் கேள்வி ஒரு வகை: வேலை எத்தனை மாதம் பிடிக்கும், எவ்வளவு செலவாகும், இந்த ஆள் இந்தப் பொறுப்புக்குச் சரிப்படுவாரா. சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பது இன்னொரு வகை. இரண்டாவதற்குக் கையைத் தூக்கச் சொல்லி எண்ணிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கீழே சொல்வதெல்லாம் முதல் வகைக்கு மட்டும்.

பேசுவதற்கு முன் எழுத வையுங்கள்

1906இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒரு கால்நடைக் கண்காட்சி நடந்தது. கொழுத்த எருது ஒன்றைக் காட்டி, அதை வெட்டிச் சுத்தம் செய்தால் இறைச்சி எத்தனை பவுண்டு தேறும் என்று ஊகிக்கும் போட்டி வைத்தார்கள். சீட்டு ஒன்றுக்கு 6 பென்ஸ். அந்தச் சீட்டுகளைப் பிறகு வாங்கி ஆராய்ந்தவர் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர். அழிந்ததும் புரியாததும் போக 787 சீட்டுகள் மிஞ்சின. அவற்றை வரிசைப்படுத்தி நட்டநடுவில் இருந்ததை எடுத்தார்: 1,207 பவுண்டு. உண்மை எடையாக அவர் 1907இல் வெளியிட்டது 1,198. ஒரு சதவீதம்கூடத் தப்பவில்லை.

இந்தக் கதையைப் பலர் ‘கூட்டத்துக்கு அறிவு அதிகம்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சீட்டு. ஒவ்வொருவரும் தன் கணிப்பைத் தனியாக எழுதிப் போட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய சீட்டு என்பதால் விளையாட்டுக்கு எழுதியவர்கள் குறைவு. மேடைப்பேச்சு எதுவும் அவர்களை அசைக்கவில்லை என்று கால்டனே எழுதியிருக்கிறார். அதே 787 பேரையும் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, பெரிய மீசைக்காரர் ஒருவரை எழுப்பி “எனக்குத் தெரிந்து இது 1,500 பவுண்டுக்குக் குறையாது” என்று முழங்கவிட்டிருந்தால், அந்த நடு எண் எங்கே போய் நின்றிருக்கும்?

அப்படிப் போகும் என்பதற்குச் சாட்சியும் உண்டு. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் இதற்குச் சமமானது எது என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அவர் செட் பண்ணி வைத்த ஆட்கள். குறிப்பிட்ட சில சுற்றுகளில் வேண்டுமென்றே ஒரே குரலில் தப்பாகச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில், விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்ன பதில்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, கும்பலோடு கோவிந்தா. நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது விழுந்தார்கள். வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுக்கலாம் என்றதும் விழுந்தவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். கண் முன்னால் இருக்கும் கோட்டுக்கே இந்த நிலை என்றால், ஆறு மாதம் கழித்து வரப்போகும் செலவுக் கணக்குக்குக் கேட்கவே வேண்டாம்.

செய்முறை இதுதான். எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டுச் சீட்டு கொடுங்கள். பேனாவும் ஒரே நிறமாக இருந்தால் நல்லது. பச்சை மசி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். கேள்வியைப் பலகையில் முழுசாக எழுதுங்கள், அலகோடு. ‘எவ்வளவு நாள் ஆகும்?’ என்று எழுதினால் ஒருவர் வேலை நாளை எண்ணுவார், இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்ப்பார். ‘இன்றிலிருந்து கடைசி ஃபைல் புது அறைக்குப் போய்ச் சேரும்வரை எத்தனை மாதம்?’ என்று எழுதினால் எல்லோரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வார்கள். சீட்டில் ஒரு எண், அதற்குக் கீழே ஒரே வரியில் காரணம். பெயர் வேண்டாம். தலைவர் உட்பட எல்லோரும் எழுதி மடித்துப் போட்ட பிறகுதான் யாரும் வாயைத் திறக்கலாம். சீட்டைத் தலைவர் வாசிக்கக் கூடாது. அவர் புருவம் ஏறி இறங்குவதே ஒரு தீர்ப்பு. என்னைப் போல ஓட்டில்லாத ஒருவரிடம் கொடுங்கள். வந்த வரிசையிலேயே, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.

மேலே சொன்ன ஃபைல் கேள்வி நிஜமாகவே வந்த கேள்விதான். ரெக்கார்டு ரூமை வேறு கட்டடத்துக்கு மாற்ற வேண்டும். தலைவர் மனதில் 3 மாதம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஏழு சீட்டுகள் வந்தன: 3, 4, 4, 5, 6, 6, 14. கடைசியைப் படித்ததும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சராசரி 6, நடு எண் 5. அங்கேயே 5 என்று எழுதி மூடியிருந்தால் கூட்டம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

தலைவர் மூடவில்லை. “14 எழுதினவர் யார் என்று கேட்கவில்லை. அந்தக் காரணத்தை மட்டும் இன்னொரு தடவை படிங்க” என்றார். ‘கீழ்த்தட்டுக் கட்டுகள் ஈரம், உலர்த்தாமல் எடுத்தால் கிழியும்’ என்று இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கடைசி நாற்காலியில் இருந்த ரெக்கார்டு ரூம் உதவியாளரே, “சார், நான் போன வாரம் ஒவ்வொரு ராக்கா பார்த்தேன். சுவர் ஓரமா இருக்கிற வரிசை பூரா அப்படித்தான் இருக்கு. இன்டெக்ஸும் பாதிக்கு மேலே இல்லை” என்றார். அந்த அறைக்குள் சமீபத்தில் கால் வைத்தவர் அவர் ஒருவர்தான். மற்ற ஆறு பேரும் தங்கள் ஞாபகத்தில் இருந்த அறையை மதிப்பிட்டிருந்தார்கள். மறுபடி சீட்டு போட்டபோது எண்கள் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் வந்து விழுந்தன. அதிலிருந்து 10 என்று எழுதினோம். வேலை ஓராண்டைத் தொட்டது என்பது வேறு விஷயம். 3 மாதத்துக்கு ஆள் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்தால் நடு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் ஒதுங்கி நின்றால் சராசரி போடாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். ஒதுங்கி நிற்பவர் ஒன்று கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார், அல்லது மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டில் எது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் கருத்துக் கணிப்பு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டு விழ விழ எண்ணிக்கை எல்லோருக்கும் தெரிகிற ஏற்பாட்டில் முதல் நான்கு பேர்தான் முடிவெடுக்கிறார்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், கேள்விப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களைச் சுமார் 14,000 பேருக்கு இணையத்தில் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மற்றவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்பது தெரியாது. மீதிப் பேரை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தின் எண்ணிக்கையை அவரவருக்குக் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த இடங்களில் முன்னால் போன பாட்டு மேலும் முன்னால் போனது. ஆனால் எந்தப் பாட்டு முன்னால் போனது என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. ரொம்ப நல்ல பாட்டு அடியில் கிடப்பதும் ரொம்ப மோசமானது உச்சியில் நிற்பதும் அரிது. நடுவில் உள்ளவற்றுக்கு எதுவும் நடக்கலாம். நம் கூட்டங்களுக்கு வரும் யோசனைகளில் பெரும்பாலானவை அந்த நடுவகைதான். எனவே கருத்தைத் தனிச் செய்தியில் வாங்கி, எல்லாம் வந்தபின் மொத்தமாகப் போடுங்கள்.

ஆள் சேர்ப்பதில் ஒரு கணக்கு

‘இன்னும் நாலு பேரைக் கேட்போம்’ என்பது எப்போதும் நல்ல யோசனை என்று நினைக்கிறோம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் கொண்டோர்சே 1785இலேயே இதற்கு இரண்டு பக்கம் உண்டு என்று காட்டிவிட்டார். ஆம் அல்லது இல்லை என்கிற கேள்வி. ஒவ்வொருவரும் சரியாகச் சொல்ல வாய்ப்பு 60 சதவீதம், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதுவதில்லை. 3 பேர் இருந்தால் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு சுமார் 65 சதவீதம். 11 பேர் என்றால் 75. 101 பேர் என்றால் 98ஐ நெருங்கும். இப்போது ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பை 40 சதவீதமாக்குங்கள். அதே 101 பேரின் பெரும்பான்மை தப்பாகப் போகும் வாய்ப்பு 98. ஆள் கூடக் கூட முட்டாள்தனமும் உறுதிப்படும்.

எல்லோரும் ஒரே அறிக்கையைப் படித்துவிட்டு, ஒரே ஆளிடம் விசாரித்துவிட்டு வந்திருந்தால், தலை பத்து இருந்தாலும் கருத்து ஒன்றுதான். அதனால் கூப்பிடும்போது பதவியைப் பார்த்துக் கூப்பிடாமல், விஷயம் எந்த வழியாக அவர் காதுக்கு வருகிறது என்று பாருங்கள். கணக்குப் புத்தகம் பார்ப்பவர் ஒருவர், களத்தில் நிற்பவர் ஒருவர், புகார் வாங்குபவர் ஒருவர், போன தடவை இதே வேலையைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர் ஒருவர். கடைசி ஆளை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவரை முதலில் கூப்பிடுங்கள்.

பேச்சு தொடங்கியதும்

எல்லோருக்கும் தெரிந்ததையே எல்லோரும் திரும்பத் திரும்பப் பேசுவது குழுக்களின் சுபாவம். ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985இல் இதைச் சோதித்தார்கள். வேட்பாளர்கள் பற்றிய தகவல்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, சில எல்லோரிடமும் சில ஒருவரிடம் மட்டும் இருக்கும்படி கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் யார் நல்ல வேட்பாளர் என்பது தெரியும். குழுக்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. பொதுவாகத் தெரிந்ததைப் பேசியே பெரும்பாலும் தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தன. ஒருவர் சொன்னதை அடுத்தவர் “ஆமாம், நானும் படித்தேன்” என்று ஒத்து ஊதும்போது இரண்டு பேருக்கும் மரியாதை கூடுகிறது. யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்பவரை எல்லோரும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

அதற்கு எளிய மருந்து, கேள்வியை மாற்றுவது. “உங்கள் கருத்து என்ன?” என்று சுற்றி வராதீர்கள். “இங்கே இருக்கும் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று நீங்கள் நினைக்கும் ஒரு தகவலைச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். பதவியில் இளையவரிடமிருந்து தொடங்கி மூத்தவரில் முடியுங்கள்.

பேச்சில் இன்னும் இரண்டு இடங்களில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். 1986 ஜனவரி 27 இரவு நடந்த ஒரு தொலைபேசிக் கூட்டம் இரண்டுக்கும் பாடம். மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட வேண்டும். ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் போய்ஸ்ஜோலி உட்பட, ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும், 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நிறுவனமும் முதலில் அப்படித்தான் பரிந்துரைத்தது. நாசா தரப்பு அதை ஏற்கவில்லை. தயோகால்காரர்கள் ஐந்து நிமிடம் கேட்டு இணைப்பைத் துண்டித்தார்கள். அது அரை மணி நேரம் நீண்டது. பொறியியல் பிரிவுத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி அவருடைய மேலதிகாரி சொன்னார். நான்கு மேலாளர்கள் மட்டும் முடிவெடுத்தார்கள். எதிர்த்த பொறியாளர்கள் அதே அறையில் இருந்தார்கள், அவர்களிடம் ஓட்டு கேட்கவில்லை. இணைப்பு திரும்ப வந்தபோது பதில் ‘ஏவலாம்’. மறுநாள் வெப்பநிலை 2 டிகிரி அளவில் இருந்தது. 73 விநாடியில் ஓடம் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள்.

முதல் இடம், நிரூபிக்கும் சுமை கைமாறும் நொடி. ‘பாதுகாப்பானது என்று காட்டு’ என்பதுதான் வழக்கமான கேள்வி. அன்று அது ‘ஆபத்து என்று நிரூபி’ என்று திரும்பியதாகப் பொறியாளர்களே பின்னால் சாட்சி சொன்னார்கள். உங்கள் கூட்டத்தில் யாராவது “வேண்டாம் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்?” என்று கேட்டால், அந்த வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இடம், மேசையில் இருக்கும் புள்ளிவிவரத்தில் எது விட்டுப்போயிருக்கிறது என்பது. வளையம் சேதமான பயணங்களின் வெப்பநிலையை மட்டும் பார்த்தபோது, சேதம் குளிரிலும் வந்திருக்கிறது, வெயிலிலும் வந்திருக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை. சேதமே ஆகாத பயணங்களையும் விசாரணைக் குழு பிறகு சேர்த்துப் பார்த்தது. 19 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கிலும் சேதம். “நடந்ததைக் காட்டினீர்கள், நடக்காததும் சேர்ந்து இருக்கிறதா?” என்று ஒருவர் கேட்டால் போதும். ஐந்தாறு கூட்டங்களுக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி பலிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இடித்துரைக்க ஆள்

எல்லாவற்றையும் எதிர்த்துப் பேச ஒருவரை நியமித்துவிட்டால் சரியாகிவிடும் என்று மேலாண்மைப் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் பட்டம் கொடுப்பதை எதிர்த்து வாதாடவே ஒரு பதவி 1587 முதல் இருந்து, 1983இல் அதன் பணி வெகுவாகக் குறைக்கப்பட்டது. பழைய ஏற்பாடுதான். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நியமன எதிர்ப்பாளர் பேசும்போது எல்லோரும் புன்னகைக்கிறார்கள். அவர் தன் கடமையைச் செய்கிறார், நாம் நம் கடமைக்குக் கேட்டுக்கொள்கிறோம் என்று ஆகிவிடுகிறது. சார்லன் நெமத் என்ற உளவியலாளரின் சோதனைகளும், உண்மையிலேயே மாறுபடுபவர் இருக்கும்போதுதான் மற்றவர்கள் புதிதாக யோசிக்கிறார்கள், நடிப்பு எதிர்ப்புக்கு அந்தச் சக்தி இல்லை என்கின்றன.

அதைவிட உருப்படியானது தலைவர் எழுந்து வெளியே போவது. 1961 ஏப்ரலில் சுமார் 1,400 கியூப அகதிகளைக் கொண்டு கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்கா நடத்திய படையெடுப்பு மூன்றே நாளில் மண்ணைக் கவ்வியது. அதிபர் கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் அதை எதிர்த்துக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர். ஆனால் கூட்டத்தில் உரக்கச் சொல்லாமல் இருந்ததை நினைத்துப் பின்னால் வருந்தினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் தெரிந்தபோது, அதிபர் கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வரவில்லை. ஆலோசகர்கள் குழுக்களாகப் பிரிந்து தனித்தனியாக எழுதி, தாள்களை மாற்றிக்கொண்டு ஒருவர் எழுதியதில் மற்றவர் ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஆட்கள் பெரும்பாலும் பழைய ஆட்கள்தான், நடத்திய விதம்தான் வேறு.

முடிவு கிட்டத்தட்ட எடுத்தாயிற்று, எல்லோரும் பையை எடுக்கப் போகிறார்கள் என்ற நிலையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உளவியலாளர் கேரி கிளைன் சொல்லிக்கொடுத்த முறை. “ஓராண்டு ஆகிவிட்டது, நம் திட்டம் படுதோல்வி. ஏன் தோற்றது என்று இரண்டு நிமிடம் எழுதுங்கள்” என்று கேளுங்கள். “ஏதாவது ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டால் கப்சிப் என்று இருக்கும் அதே ஆட்கள், தோற்றுவிட்டது என்று சொல்லிவிட்டால் கடகடவென்று எழுதித் தள்ளுவார்கள். எதிர்க்கிறோம் என்ற கெட்ட பெயர் இதில் யாருக்கும் இல்லை. சீட்டுகளில் ஒரே காரணம் மூன்று பேர் கையெழுத்தில் வந்தால், பையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

என்ன எழுதி வைப்பது

‘விரிவாக விவாதிக்கப்பட்டு ஒப்புதல் அளிக்கப்பட்டது’ என்பது ஒன்றுமே எழுதாததற்குச் சமம். இப்படி எழுதுங்கள்: முதல் சுற்றுச் சீட்டு எண்கள், இரண்டாம் சுற்று எண்கள், எந்தத் தகவலால் மாறியது, முடிவு எத்தனை சதவீதம் உறுதி என்று குழு நினைக்கிறது, எது நடந்தால் முடிவை மறுபடி பார்ப்போம், எந்தத் தேதியில் பார்ப்போம். அந்தத் தேதி வரும்போது பழைய பக்கத்தைத் திறந்து வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் “நான் அப்பவே சொன்னேன்” என்று ஆளாளுக்குக் கிளம்புவார்கள். அன்று என்ன சொல்லப்பட்டது என்பது நோட்டில் இருக்கும், பெரும்பாலும் அது அவர்கள் இப்போது சொல்வதாக இருக்காது.

தலைவர் நீங்கள் இல்லை என்றால்

சீட்டு போடச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். அப்போது கூட்டத்துக்கு முன்பே ஒரே ஒருவரிடமாவது பேசிவிடுங்கள். ஆஷின் சோதனையில் சரியான பதிலைச் சொல்ல இன்னொருவர் இருந்தபோது, பிறர் பேச்சுக்கு விழுவது பல மடங்கு குறைந்தது. ஒரு துணை போதும். உள்ளே போவதற்கு முன் உங்கள் எண்ணை உங்கள் நோட்டில் எழுதிவிடுங்கள். பேச்சு சூடு பிடித்தபின் நீங்கள் முதலில் என்ன நினைத்தீர்கள் என்பது உங்களுக்கே மறந்துபோகும். எதிர்ப்பாகப் பேசத் தயக்கமாக இருந்தால் கேள்வியாகக் கேளுங்கள்: “இந்த 3 மாதம் எப்படி வந்தது சார்?” எண் உறுதியாவதற்கு முன்னால் கேட்டால் அது விளக்கம் கேட்பது. உறுதியானபின் கேட்டால் சண்டை.

அதற்கும் மசியவில்லையா? “என் சந்தேகத்தை மினிட்ஸில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று என்னைப் போன்றவரைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பேனா எடுப்பதைப் பார்த்ததும், தலைவர் அநேகமாக “என்ன சந்தேகம், சொல்லுங்க” என்பார். ஐந்து நிமிடம் கிடைக்கும். எண்ணும் காரணமும் கையில் தயாராக இருக்கட்டும்.